ஆறுதலான ஊர்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழில் 'ஆறுதல்' என்றொரு சொல் உண்டு. நூல்வழக்கில் அது துயர் தணிதலைக் குறிக்கும். துன்பப்பட்டவருக்கு நாம் ஆறுதல் கூறுகிறோம். யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கிலோ அதற்கு வேறொரு பொருளும் உண்டு. "ஆறுதலா வாங்கோ", "ஆறுதலாச் சாப்பிடுங்கோ" என்று சொல்லும்போது அங்கே துயரம் எதுவும் இல்லை. அவசரப்படாமல், நிதானமாக என்பதே கருத்து. சூடு தணிவதும் ஆறுதல், மனம் தணிவதும் ஆறுதல், வேகம் தணிவதும் ஆறுதல். இம்மூன்றையும் ஒரே சொல்லில் வைத்துப் பேசும் மக்கள், தாம் இழந்த ஊரைப் போன்ற இன்னோர் ஊரைத் தேடும்போது உண்மையில் எதைத் தேடுகிறார்கள்? இதுவே இன்றைய எனது உரையின் பொருள்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் எம்மவரிடையே, குறிப்பாக ஓய்வுபெற்றவர்களிடையே, அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. "மாஸ்டர், எங்கட ஊர் மாதிரி ஆறுதலான இடம் ஒண்டு எங்கையாவது இருக்கோ?" கேட்பவரின் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் இருப்பார்கள். தொடர்மாடியின் நான்காம் மாடியில், மின்தூக்கியின் தயவில் வாழ்க்கை நடக்கும். காலி வீதியின் இரைச்சல் இரவிலும் அடங்காது. ஊரில் வீடு இருக்கும், அல்லது வீடு இருந்த காணி இருக்கும். ஆயினும் திரும்பிப் போக ஏதோ ஒரு தயக்கம். ஆகவே பேச்சு நீர்கொழும்புக்கும் சிலாபத்துக்கும் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் போகும். சிலவேளை பாக்குநீரிணையைக் கடந்து வேதாரணியம் வரை போய்த் திரும்பும். ஒவ்வோர் ஊரிலும் ஒரு குறை காணப்படும். "கடல் இருக்கு, பனை இல்லை", "கோயில் இருக்கு, கிணறு இல்லை" என்று முடிவின்றி அது நீளும்.

இதனை முதுமையின் புலம்பல் என்று ஒதுக்கிவிடுதல் நியாயமாகாது. ஒரு குடும்பத்தின் கடைசிச் சேமிப்பு எங்கே செலவாகப் போகிறது, ஒருவருடைய இறுதி ஆண்டுகள் யார் நடுவிற் கழியப் போகின்றன என்பவை இக்கேள்விக்கான விடையில் தங்கியிருக்கின்றன.

இக்கேள்வி புதியதும் அன்று. வான்மீகியின் அயோத்தியா காண்டத்திலேயே இதனைக் காணலாம். நாடு நீங்கிய இராமன் சித்திரகூடத்தில் தங்கியிருக்கிறான். மந்தாகினி ஆறு அருகே ஓடுகிறது. அவன் சீதையிடம், இம்மலையை அயோத்தி என்றும், இந்த ஆற்றைச் சரயு என்றும், இங்கு திரியும் விலங்குகளை நகரமாந்தர் என்றும் நினைத்துக்கொள் என்கிறான். இடம்பெயர்ந்த மனிதர் எல்லோரும் செய்வதையே இராமனும் செய்கிறான். புதிய இடத்தின் மேல் பழைய ஊரின் வரைபடத்தை விரித்துப் பார்க்கிறான்.

ஆனால் அந்த ஒப்புமை நீடிக்கவில்லை. பரதனும் தாயரும் அயோத்தி மக்களும் வந்து அழுது திரும்பிய பின்னர், இராமனுக்கு அவ்விடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. அவர்களை இங்கே கண்டேன், அந்நினைவு என்னை விட்டு அகலவில்லை என்று சொல்லிச் சித்திரகூடத்தை நீங்குகிறான். மலையும் ஆறும் அயோத்தியை நினைவூட்டியபோது மகிழ்ந்தவன், மனிதர் வந்து நினைவூட்டியதும் தாங்கமாட்டாதவன் ஆகிறான். ஊர் என்பது எங்கே இருக்கிறது என்பதற்கு இது ஒரு சான்று.

ஊரை அளப்பதற்கு எமது இலக்கண மரபிலும் ஓர் அளவுகோல் உண்டு. தொல்காப்பியர் அகத்திணையியலில் முதல், கரு, உரி என மூன்று பொருள்களை வகுத்தார். முதற்பொருள் நிலமும் பொழுதும் ஆகும். கருப்பொருள் என்பது அந்நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன. உரிப்பொருள் அங்கு வாழும் மாந்தரின் ஒழுக்கம். கூடுவதும் பிரிவதும் காத்திருப்பதும் இரங்குவதும் ஊடுவதுமாக மனிதர் மனிதரோடு வாழும் முறை. இவற்றுள் உரிப்பொருள் அல்லாதவை ஒன்றோடொன்று மயங்கலாம் என்றும் அவர் விதித்தார். ஒரு நிலத்துப் பூவும் பறவையும் இன்னொரு நிலத்திற் காணப்படலாம் என்பது இதன் கருத்து. அது செய்யுளுக்குச் சொன்ன விதி. எனினும் இடம்பெயர்ந்தோர் வாழ்வுக்கும் அதனைப் பொருத்திப் பார்க்கலாம் என்பது எனது எண்ணம்.

முதலில் நிலம். வெள்ளவத்தை என்ற பெயரைச் சிங்களத்தில் பிரித்துப் பார்த்தால், 'வெல்ல' என்பது மணல், 'வத்த' என்பது தோட்டம். மணல்தோட்டம் என்பது பொருள். யாழ்ப்பாண வைபவமாலை கூறும் ஐதிகத்தின்படி, சோழநாட்டிலிருந்து வந்த கண்பார்வையற்ற யாழ்ப்பாணன் ஒருவன் பரிசிலாகப் பெற்ற நிலத்தின் பெயர் மணற்றிடர். மணல்மேட்டிலிருந்து புறப்பட்டோர் மணல்தோட்டத்தில் வந்து குடியேறினர் என்று சொல்லலாம். பக்கத்தில் கடலும் உண்டு. நிலம் ஓரளவுக்கு ஒத்துவருகிறது.

பொழுதுதான் ஒத்துவரவில்லை. கோயில் மணிக்கு எழும்பியவர் இங்கே கரையோரப் புகையிரதத்தின் சத்தத்துக்கு எழும்புகிறார். ஊரிலே மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின்னர் தெரு உறங்கும். கடைக்காரரும் கண் அயர்வார். வெயில் சாய்ந்த பின்னரே மறுபடி நடமாட்டம் தொடங்கும். கொழும்பில் அந்த இடைவேளை இல்லை. எம்மவர் 'ஆறுதலான ஊர்' என்னும்போது முதலிற் கேட்பது அந்தப் பொழுதையே. நிலத்தோடு பொழுதையும் முதற்பொருளாகச் சேர்த்தமையில் தொல்காப்பியரின் நுட்பம் தெரிகிறது.

அடுத்தது கருப்பொருள். இதிலே வெள்ளவத்தைக்குக் குறைவில்லை. ஒடியல் மாவும் பனாட்டும் பனங்கட்டியும் இராசவள்ளிக் கிழங்கும் முருங்கைக்காயும் கிடைக்கின்றன. கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் பருவத்தில் வருகிறது. யாழ்ப்பாணத்தார் தம் ஊரின் பெருமையாகக் கருதும் அப்பழத்தின் பெயரிலேயே கொழும்பு இருக்கிறது என்பதை நாம் கவனிப்பதில்லை. தெய்வத்துக்கும் குறைவில்லை. கொச்சிக்கடையில் பொன்னம்பல முதலியார் கட்டிய சிவன் கோயிலை, அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாலே திருப்பணி செய்து 1912 இல் குடமுழுக்குச் செய்வித்தார். பொன்னம்பலவாணேஸ்வரம் என்ற அக்கோயிலின் தூண்களுக்கு இடையே நிற்கும்போது துறைமுகம் பக்கத்தில் இருப்பதே மறந்துபோகும். தமிழுக்கும் இடமுண்டு. 1942 இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தை 57 ஆவது ஒழுங்கையில் நூலகத்தோடு இயங்குகிறது.

ஆகவே முதற்பொருளிற் பாதியும் கருப்பொருள் முழுவதும் கொழும்பிலேயே கிடைத்துவிடுகின்றன. பிறகும் ஏன் அந்தக் கேள்வி எழுகிறது? உரிப்பொருள் வந்துசேரவில்லை என்பதே விடை. ஊர் ஒழுங்கையில் நடப்பவரைப் படலையில் நிற்பவர் "எங்கை போறியள்?" என்று கேட்பார். பதிலை அவர் எதிர்பார்ப்பதுமில்லை. உம்மைக் கண்டுகொண்டேன் என்பதே அக்கேள்வியின் பொருள். தொடர்மாடியில் அப்படிக் கேட்க ஆளில்லை. அடுத்த கதவுக்காரரின் மறைவைப் பத்திரிகையின் மரண அறிவித்தலில் பார்த்து அறிவோரும் உண்டு. அந்த அடுத்த கதவுக்காரரும் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தவரே.

புறநானூற்றிலே பாரிமகளிர் பாடியதாக வரும் சிறுபாட்டு நேயர்கள் அறிந்தது. பறம்புமலையை இழந்தபின் அவர்கள் பார்க்கும் நிலவு, தந்தையோடு இருந்தபோது பார்த்த அதே நிலவு. பொழுது மாறவில்லை, வாழ்வு மாறிவிட்டது. நிலாவின் ஒப்புமை அவர்களுக்கு ஆறுதல் தரவில்லை. துயரைக் கூட்டியது என்பதே அப்பாட்டின் உயிர்.

இதே உண்மையை உரோமக் கவிஞர் வேர்ஜில் தமது 'ஈனிட்' காப்பியத்தின் மூன்றாம் பகுதியில் இன்னொரு வகையாகக் காட்டுகிறார். டிரோய் நகரம் அழிந்துவிட்டது. தப்பியோடிய ஈனியஸ் கடலில் அலைந்து ஒரு கரையை அடைகிறான். அங்கே டிரோய் நகரத்தவரான ஹெலனஸ், அன்ட்ரோமாக்கி ஆகியோர் ஒரு சிறு டிரோயையே கட்டி வைத்திருக்கிறார்கள். பழைய கோட்டையின் சிறிய வடிவம் இருக்கிறது. பழைய வாயிலின் பெயரோடு ஒரு வாயில் இருக்கிறது. வற்றிப்போன ஓடை ஒன்றுக்கு டிரோய் நாட்டு ஆற்றின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அன்ட்ரோமாக்கி தன் முதற் கணவன் ஹெக்டருக்கு உடல் இல்லாத வெறுங்கல்லறை ஒன்று அமைத்து அதன்முன் அழுதுகொண்டிருக்கிறாள். ஈனியஸ் அந்த வாயிற்படியைத் தழுவிக் கண்கலங்குகிறான். ஆனாலும் அங்கே தங்காமல் மேலே பயணம் போகிறான். எல்லாம் ஒத்திருந்தும் அங்கே நடப்பது இறந்தகாலம் ஒன்றே என்பதை வேர்ஜில் அந்த வற்றிய ஓடையினால் உணர்த்திவிடுகிறார்.

காப்பியத்தை விட்டு எமது நாட்டுக்கு வருவோம். கொழும்பிலிருந்து வடக்கே போனால் புத்தளம், அதற்கப்பால் கற்பிட்டிக் குடாநாடு. மணல், களப்பு, மீன்பிடி, கிணற்றுநீர் இறைத்து வெங்காயமும் மிளகாயும் செய்யும் தோட்டங்கள். யாழ்ப்பாணத்தில் இருப்பதுபோலவே ஒல்லாந்தர் கோட்டையும் உண்டு. 'எங்கட ஊர் மாதிரி' என்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் காண்பது அரிது. அந்த ஒப்புமையைத் தேடிப் போகாமலே அங்கு போய்ச் சேர்ந்தவர்கள் வடபுலத்து முஸ்லிம்கள்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் அவர்களை வடமாகாணத்திலிருந்து வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரில் அந்நாள் ஒக்டோபர் 30. கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணிநேரம். வடக்கு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர் வெளியேற நேர்ந்தது. மன்னாரிலிருந்து பலர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினர். புத்தளத்து மக்கள் சோறும் பாயும் இருக்க இடமும் கொடுத்தனர். எருக்கலம்பிட்டி மக்கள் புத்தளம் நாகவில்லுப் பகுதியில் தம் ஊர்ப்பெயரையும் கொண்டுவந்து வைத்தனர். நிலம் ஒத்தது, மொழி ஒத்தது, மார்க்கமும் ஒத்தது. அப்படியிருந்தும் 'அகதி' என்ற சொல் அவர்களை ஆண்டுக்கணக்கிலே தொடர்ந்தது. காணிக்கும் தொழிலுக்கும் நெருக்குதல் வந்தபோது, வரவேற்ற ஊரும் முகம் சுளிக்க நேர்ந்தது. பிள்ளைகள் புத்தளத்துப் பிள்ளைகளாக வளர்ந்தனர். பெற்றோர் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மனத்தை வைத்து வாழ்ந்தனர்.

சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995 ஒக்டோபர் 30 இல், வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தனர். அதே நாள், அதே மாதம். அந்த இரவைப் பற்றி எம்மிடையே கவிதைகளும் சிறுகதைகளும் பல உண்டு. வெள்ளவத்தையில் வாழும் பலருக்கு ஊரை விட்ட கதை அந்த இரவிலிருந்தே தொடங்குகிறது. எமது துயரைச் சொல்லும்போது, அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னர் எமது தெருவிலிருந்து போனவர்களையும் சேர்த்துச் சொல்வது இலக்கியத்துக்கும் நேர்மைக்கும் உரிய கடமை.

இவ்விடத்தில் இன்னொரு கேள்வியையும் தவிர்க்க முடியாது. நாம் இழந்த ஊர் யாருக்கு ஆறுதலாக இருந்தது? 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே விடும்படி கேட்டு நின்ற மக்களுக்கு அந்த ஊர் ஆறுதலாக இருக்கவில்லை. எழுத்தாளர் டொமினிக் ஜீவா, 'எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்' என்ற தமது வாழ்க்கை வரலாற்றிலே, சாதியினால் பட்ட அவமானங்களை மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஒருவர் திண்ணையில் ஆறுதலாகச் சாய்ந்திருந்த காலத்தில் இன்னொருவர் முற்றத்தில் நின்றார் என்பது எமது சமூக வரலாறு. இழந்த ஊரை நினைக்கும்போது திண்ணையை மட்டும் நினைப்பது எளிது.

அதே ஜீவாவின் வாழ்க்கை இன்றைய பொருளுக்கு ஒரு விடையும் தருகிறது. 1966 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தில் அவர் தொடங்கிய 'மல்லிகை', 1995 இடப்பெயர்வுக்குப் பின்னர் கொழும்புக்கு வந்தது. கொழும்பு 13, ஸ்ரீ கதிரேசன் வீதியில் அதன் பணிமனை அமைந்தது. நகைக்கடைகளும் துறைமுகத்துக்குப் போகும் லொறிகளும் நெருக்கும் அப்பகுதியில் யாழ்ப்பாணத்தின் அமைதியை எதிர்பார்க்க முடியாது. நிலமும் ஒவ்வாது, பொழுதும் ஒவ்வாது. ஆனால் யாழ்ப்பாணத்துத் தெருக்களில் பையோடு நடந்து சஞ்சிகையைக் கையிற் கொடுத்துப் பழகியவர், இங்கும் தமது பணியை விடவில்லை. மலையகத்தவரும் முஸ்லிம்களும் கிழக்கிலங்கையினரும் தென்னிலங்கை எழுத்தாளரும் மல்லிகையில் இடம்பெற்றனர். 2012 வரை இதழ் வெளிவந்தது. 2021 இல் ஜீவா கொழும்பிலேயே காலமானார். ஊரின் சாயலை அவர் தேடவில்லை. ஊரிலே தாம் செய்த வேலையைப் புதிய மனிதரோடு தொடர்ந்தார். உரிப்பொருளைக் கொண்டுவந்து நாட்டினார் என்றே நான் சொல்வேன்.

'அப்படியானால் ஊருக்கே திரும்பிப் போகலாமே' என்று கேட்கத் தோன்றும். 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தை அடைந்தது. 1990 களிலிருந்து உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்ட வலிகாமம் வடக்குக் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. போய்ப் பார்த்தவர்கள் பலர். அவர்களுட் சிலர் அங்கேயே தங்கினர். வேறு பலர் திரும்பி வந்து, "ஊர் ஊர் மாதிரி இல்லை" என்றனர். அந்த வாக்கியத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். சிலாபமும் வேதாரணியமும் எந்தப் பரீட்சையில் தோற்றனவோ, அதே பரீட்சையில் யாழ்ப்பாணமும் தோற்றுவிடுகிறது. ஊரோடு ஒத்த ஊர் ஊரே ஆகவில்லை என்றால், குறை ஊர்களில் இல்லை. நாம் கையில் வைத்திருக்கும் அளவுகோல் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு பொழுதிலே நின்றுவிட்டது.

இந்த அளவுகோலோடு போகிறவர் எதிரிலிருப்பதைக் காணவும் தவறுகிறார். சிலாபத்தில் யாழ்ப்பாணத்தைத் தேடுபவருக்கு முன்னேஸ்வரம் ஒரு கோயிலாக மட்டுமே தெரியும். அங்கே சைவரும் பௌத்தரும் ஒன்றாக வந்து வணங்கும் காட்சி அவர் கண்ணில் ஆழப் படாது. அதற்கு வடக்கே உடப்பு என்றொரு தமிழ்க் கடற்கரைக் கிராமம். தம் முன்னோர் இராமநாதபுரக் கரையிலிருந்து வந்தோர் என்பது அவ்வூர் மரபு. திரௌபதை அம்மனுக்குத் தீமிதிப்பும், கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாடல்களும் அவ்வூரின் செல்வங்கள். அவர்களும் ஒருகாலத்தில் ஒரு கரையை விட்டு இன்னொரு கரைக்கு வந்தவர்களே. ஆனால் அவர்கள் பாடுவது இன்று தாம் வலை இழுக்கும் கடலின் பாட்டு. 'பனை இல்லை' என்று குறை கண்டு திரும்புகிறவர் அந்தப் பாட்டைக் கேளாமலே பஸ் ஏறிவிடுகிறார்.

ஆகவே, ஆறுதலான ஊர் எது என்று என்னிடம் கேட்போருக்கு நான் ஊரின் பெயர் எதையும் சொல்வதில்லை. போக நினைக்கும் ஊரில் ஒரு கிழமையாவது தங்கிப் பாருங்கள் என்கிறேன். கடலும் பனையும் கோயிலும் ஒருபுறம் இருக்கட்டும். அவ்வூரின் வாசிகசாலையில் யார் உட்காருகிறார்கள், சந்தையில் உங்களை இரண்டாம் நாள் அடையாளம் காண்பவர் யார், நோய் என்றால் எந்தக் கதவைத் தட்டலாம், உங்கள் கதவை யார் தட்டலாம் என்று பாருங்கள். அங்குள்ளோர் சிங்களம் பேசுவோராயின், சந்தைக்குப் போதுமான சிங்களத்தோடு நின்றுவிடாமல், துக்கம் விசாரிக்கப் போதுமான சிங்களத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். போவதற்கு இயலாதவர்கள் இருக்கும் தொடர்மாடியிலேயே அடுத்த கதவிலிருந்து தொடங்கலாம்.

இறுதியாக, தமிழாசிரியன் என்ற வகையில் ஒரு சிறு இலக்கணக் குறிப்பு. ஆறுதல் தன்வினை. அதன் பிறவினை ஆற்றுதல். நாமே தணிவது ஆறுதல், இன்னொருவரைத் தணியச் செய்வது ஆற்றுதல். கடற்கரை நிலத்தைப் பாடும் நெய்தற்கலியிலே நல்லந்துவனார் ஆற்றுதலுக்குத் தரும் விளக்கம், துன்புற்றோருக்கு உதவுதல் என்பதே. எம்மவர் பலகாலமாகத் தன்வினையையே தேடிக்கொண்டிருக்கிறார்கள். பிறவினை நடக்கும் இடத்தில் தன்வினை தானே வந்துசேரும் என்பது எனது நம்பிக்கை.